தேவமலரின் மரணப் பத்திரம்

3 மார்ச் 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

என் பெயர் பிறின்சி. மன்னாரில் இருக்கும் உங்கள் தங்கச்சி தேவமலரின் ஒரே மகள். நீங்கள் என்னை நேரில் கண்டதில்லை. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் நீங்கள் அனுப்பும் பெட்டியில் எனக்கென்று ஒரு சட்டை இருக்கும், எப்போதும் இரண்டு அளவு பெரிதாக. அந்தப் பெட்டியில் ஒட்டியிருந்த உங்கள் முகவரியை அம்மா வெட்டி, என் பையின் உட்துணிக்குள் வைத்துத் தைத்து அனுப்பினார்.

ஜனவரி கடைசியில் ஜெர்மனிக்கு வந்தேன். ஏன் என்று அம்மா உங்களுக்குச் சொல்லியிருப்பார். என்மேல் கண்வைத்து எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்துபோகத் தொடங்கினார். அப்பா இறந்து ஆறு வருடம், அந்த ஆளை வராதே என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. காசு வாங்கி என்னைக் கூட்டி வந்த ஏஜென்ட் ரயிலில் என் தொலைபேசியை வாங்கிக்கொண்டு அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டார். நான் இறங்கவில்லை. பொலிஸ்காரர்கள் வந்து எழுப்பும்வரை அதே இருக்கையில் இருந்தேன்.

பெற்றோர் இல்லாமல் வரும் பிள்ளைகளை இங்கே நகரசபையின் ஓர் அலுவலகம் பொறுப்பெடுக்கிறது. யூகென்ட்அம்ற் என்கிறார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். பான் நகரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி ஒரு வீட்டில் என்னை வைத்திருக்கிறார்கள். ஏழு பெண்பிள்ளைகள் இருக்கிறோம். ஆளுக்கொரு அலுமாரி, சாவியும் தந்திருக்கிறார்கள். காலையில் ஜெர்மன் வகுப்பு. செவ்வாய்க்கிழமை குளியலறை கழுவுவது என் முறை.

அங்கே என் விடயங்களைப் பார்க்கும் அலுவலர் ஒரு பெண், பிரௌ லின்டெமான். ஜெர்மனியில் உறவினர் உண்டா என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். என்னைவிட அவர்தான் கூடச் சந்தோஷப்பட்டார். நீங்கள் ஓம் என்று சொன்னால் என்னை உங்கள் ஊர் ஹம்முக்குப் பக்கத்தில் மாற்றலாமாம், உங்கள் வீட்டிலேயே விடவும் யோசிப்பார்களாம். உங்களுக்குக் கடிதம் வரும்.

போன ஞாயிறு இங்கிருந்து உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டீர்கள். இலக்கம் பிழை என்று நினைத்திருப்பீர்கள்.

பிறின்சி


11 மார்ச் 2025

பிள்ளைக்கு,

இலக்கம் பிழையில்லை. தெரிந்துதான் வைத்தேன். இனி எடுக்காதே. எழுதுவதென்றால் எழுது, ஆனால் என்னிடமிருந்து வருவதை வாசித்ததும் கிழித்துப் போடு. இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உறையில் என் பெயர் இல்லாததைப் பார்த்திருப்பாய்.

உன் பிரௌ லின்டெமானின் கடிதம் வந்தது, பதிலும் போய்விட்டது. எனக்கு இருந்தது ஒரே தங்கச்சி, அவள் 1990 மே ஒன்பதாம் தேதி இறந்துவிட்டாள், ஆகவே அவளுக்கு மகள் இருக்க முடியாது என்று எழுதினேன். மரணப் பத்திரத்தின் நகலையும் ஜெர்மன் மொழிபெயர்ப்போடு வைத்தேன். எங்கள் வீட்டில் சில்வெஸ்டர், அதுதான் உன் பெரியப்பா, எந்தக் காகிதத்தையும் துளைபோட்டுக் கோப்பில் சேர்த்து வைப்பவர். தேடவே தேவைப்படவில்லை.

உனக்குத் தலை சுற்றும். சுருக்கமாகச் சொல்கிறேன். நான் வந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. அகதிகள் விடுதியில் முருகேசு அண்ணை என்று ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் 'கேஸ்' எழுதிக் கொடுப்பவர் அவர்தான். "வீட்டிலை ஆரும் செத்தவையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப கஷ்டம் தங்கச்சி. ஒராளையாவது சாக்காட்ட வேணும்" என்றார். அம்மா அப்பாவைச் சொல்ல வாய் வரவில்லை. தங்கச்சியைச் சொன்னேன். ஊருக்கு எழுதினேன், அப்பா பத்திரம் அனுப்பினார். அந்தக் காகிதத்தில்தான் நான் இந்த நாட்டில் நின்றேன்.

அது எல்லாம் என் கோப்பில் இருக்கிறது. இந்த நாட்டில் ஒரு கோப்பும் தொலையாது. இன்றைக்குப் போய்த் தங்கச்சி உயிரோடு இருக்கிறாள், மகளும் இருக்கிறாள் என்றால் முதல் கேள்வி என்னிடம்தான். என் பிரஜாவுரிமை போகும், முதியோர் இல்லத்தில் இருபது வருட வேலை போகும். என் மகள் வெரோனிக்கா அரசாங்க ஆசிரியையாகச் சத்தியம் எடுக்க இருக்கிறாள், அதுவும் போகும்.

ஆகவே உன்னை எனக்குத் தெரியாது. எனக்கு அப்படி ஒரு பிள்ளை இல்லை. அப்படியே இருக்கட்டும். அவர்கள் பொறுப்பானவர்கள், உன்னைத் தெருவில் விடமாட்டார்கள். ஏப்ரலிலும் குளிரும், கவனம்.


21 மார்ச் 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நீங்கள் அனுப்பிய பத்திரம் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பிரௌ லின்டெமான் இரண்டு தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று என் பிறப்புப் பத்திரம், 14 செப்டம்பர் 2008. தாயின் பெயர் தேவமலர். மற்றது அதே தேவமலரின் மரணப் பத்திரம். மொழிபெயர்ப்பாளர் மியூனிக்கிலிருந்து தொலைபேசியில் பேசும் இந்தியத் தமிழர். "உங்க அம்மா நைன்ட்டீன் நைன்ட்டியிலயே எக்ஸ்பயர் ஆயிட்டாங்கன்னு போட்டிருக்கேம்மா. அப்புறம் எப்படி நீங்க..." என்று சொல்லி நிறுத்திவிட்டார். அவருக்குக் கூச்சமாக இருந்தது.

பிரௌ லின்டெமான் ஏசவில்லை. இரண்டில் ஒன்று பொய் என்றார். ஒன்றை அனுப்பியவர் நீண்டகாலமாக இந்த நாட்டின் பிரஜை, பொய் சொல்ல அவருக்குக் காரணம் இல்லை. மற்றதைக் கொண்டுவந்தவளிடம் ஒரு நகல்தான் இருக்கிறது. அவருடைய இடத்தில் இருந்தால் நானும் உங்களைத்தான் நம்புவேன்.

பிறப்புப் பத்திரத்தை நம்ப முடியாவிட்டால் என் வயதையும் நம்ப முடியாது. ஏப்ரல் 15 எனக்கு ஒரு டெர்மின், நேர்காணல் நாள், தந்திருக்கிறார்கள். இரண்டு அதிகாரிகள் என்னோடு பேசி, என்னைப் பார்த்து, என் வயதைத் தீர்மானிப்பார்கள். பதினெட்டு என்று சொன்னால் இந்த வீடு இல்லை, வகுப்பு இல்லை. பெரியவர்களின் முகாமுக்கு, எந்த ஊருக்கென்று தெரியாமல் போக வேண்டும். நான் அப்பாவைப்போல உயரம். அது எனக்கு உதவாது.

ஞாயிறு அம்மாவுடன் பேசினேன். கேட்டேன். "ஓம் பிள்ளை, நான் தொண்ணூறிலை செத்தனான்தான்" என்றார். "பதினேழு வயசு. அப்பாவோடை ஊர் விதானையாரிட்டைச் சாவு பதியப் போனனான். செத்த பிள்ளை ஆர் எண்டு கேட்டார். இவதான் எண்டு அப்பா என்னைக் காட்டினார். வெளிநாட்டுக்கு மட்டும் எண்டு சொல்லிச் சிரிச்சுக்கொண்டு எழுதித் தந்தவர். அக்காவை ஒண்டும் சொல்லாதை, அவ பயந்த சுபாவம்."

ஆனால் நான் உங்களைக் குறை சொல்லத்தான் போகிறேன். எனக்கு உங்கள்மேல் கோபம் இருக்கிறது. அதை எழுதாமல் மற்றதை எழுதினால் எல்லாம் பொய்யாகிவிடும்.

உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. அதைப் பிரௌ லின்டெமானிடம் காட்டினால் என் பிரச்சினை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். காட்டவா?

பிறின்சி


30 மார்ச் 2025

பிறின்சிக்கு,

கேட்கிறாயா, மிரட்டுகிறாயா? மூன்று நாளாக இதே கேள்விதான் எனக்கு. கிழிக்கச் சொன்னால் கிழிக்க வேண்டும். உன் அம்மா எப்போதும் சொன்னதைச் செய்வாள். நீ எங்கள் அப்பாவைப் போல.

நான் சும்மா இருந்து சாப்பிட்டேன் என்று நினைக்காதே. இங்கே தமிழ்ச் சனம் எல்லாம் ஒன்றையொன்று அறிந்த சனம். விடுதியில் என்னோடு இருந்தவர்கள்தான் பிறகு மாதா கோயிலிலும் பக்கத்து வாங்கில் இருந்தார்கள். தங்கச்சி செத்தாள் என்று அகதி அலுவலகத்தில் சொன்னவள் அவளுக்காக ஆத்துமப் பூசை கொடுக்காமல் இருக்க முடியுமா? முதல் வருடம் வாய்க்குப் பயந்து கொடுத்தேன். பிறகு பழகிவிட்டது. மே ஒன்பதை ஒட்டி வருகிற தமிழ்ப் பூசையில், தேவமலரின் ஆத்துமா இளைப்பாற்றிக்காக என்று வாசிப்பார்கள். முப்பத்துநான்கு வருடம் முழந்தாளில் நின்று கேட்டேன். பூசை முடிய வீட்டுக்கு வந்து அதே தேவமலருக்குத் தொலைபேசி எடுப்பேன். "என்ன அக்கா, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு" என்பாள். சளித் தடிமன் என்று சொல்வேன்.

ஒவ்வொரு வருடமும் அன்று இரவு நித்திரை வராது. ஒருநாள் மெய்யாகவே அவளுக்கு ஏதாவது நடந்தால் அது என் வாயால் வந்தது என்றே நினைப்பேன். இதை நான் சில்வெஸ்டருக்கும் சொன்னதில்லை. முகம் தெரியாத உனக்கு ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

ஆனாலும் காட்டாதே. உனக்குப் பதினாறு வயது, எது வந்தாலும் திரும்பக் கட்டிக்கொள்ள உனக்குக் காலம் இருக்கிறது. எனக்கு ஐம்பத்தாறு ஆகப்போகிறது. முழந்தாள் இரண்டும் போய்விட்டது. கையில் உள்ள இந்தக் கடவுச்சீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. சுயநலம் என்பாய். ஓம், சுயநலம்தான்.

ஒரு ஜாக்கெட் அனுப்புகிறேன். சட்டை எப்போதும் இரண்டு அளவு பெரிது என்று எழுதியிருந்தாய். வளருவாய் என்று நினைத்து எடுத்தது.

பி.


16 ஏப்ரல் 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

டெர்மின் நேற்று முடிந்தது. ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது.

ஓர் ஆண், ஒரு பெண். மரியாதையாகப் பேசினார்கள், தண்ணீர் தந்தார்கள். எத்தனையாம் வகுப்பில் எந்த ஆசிரியர், அப்பா இறந்தபோது எனக்கு எத்தனை வயது, எப்போது சமைக்கப் பழகினேன் என்று கேட்டார்கள். ஒன்பது வயதில் சமைத்தேன் என்றதை எழுதிக்கொண்டார்கள். அது பெரிய ஆளின் அடையாளமாம். இங்கே ஒன்பது வயதில் யாரும் சமைப்பதில்லை என்று பிறகு விளங்கியது.

உங்கள் இரண்டு கடிதங்களும் என் பையில் இருந்தன. கடைசியில் அந்தப் பெண் கேட்டார்: "ஹம்மில் பெரியம்மா இருக்கிறார் என்று முதலில் சொன்னீர். அவர் மறுத்துவிட்டார். இப்போது என்ன சொல்கிறீர்?" கையைப் பைக்குள் விட்டேன். அம்மா விதானையாருக்கு முன்னால் நின்றது ஞாபகம் வந்தது. பெரியம்மா என்று ஒருவர் எனக்கு இல்லை, அந்த முகவரி ஒரு சிநேகிதி தந்தது, நான் பொய் சொன்னேன் என்றேன். மொழிபெயர்ப்பாளர் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள், நான் கையெழுத்து வைத்தேன்.

இன்று முடிவு வந்தது. என் பிறந்த தேதி 1 ஜனவரி 2007. ஒரே நாளில் இருபது மாதம் மூத்துவிட்டேன். மே 19 முகாமுக்கு மாற்றுவார்கள். மறுப்பதென்றால் மே 16க்குள் எழுத வேண்டும். எதை வைத்து எழுதுவது என்று பிரௌ லின்டெமான் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அவருக்கு என்னில் கோபம் இல்லை, கவலைதான். அலுமாரிச் சாவியை முதல்நாளே கொடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

இனி நீங்கள் பயப்படத் தேவையில்லை. என்னைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்கமாட்டார்கள்.

ஜாக்கெட் வந்தது. இந்தமுறை அளவு சரி.

பிறின்சி


12 மே 2025

என் பிறின்சிக்கு,

உறையின் பின்பக்கத்தைப் பார். முழுப் பெயரும் வீட்டு இலக்கமும் எழுதியிருக்கிறேன்.

உன் கடிதத்தைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மறந்து வைத்தேனா வேண்டுமென்று வைத்தேனா என்று சத்தியமாகத் தெரியாது. வெரோனிக்கா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாள். நான் வரும்போது கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். தன் சத்தியப்பிரமாணத்துக்காகவா என்று கேட்டாள். ஓம் என்றேன். "அம்மா, நீங்கள் தொண்ணூறிலை சொன்னது வேறை. அப்ப உங்களுக்கு உயிர்ப்பயம். மார்ச்சிலை இந்தப் பிள்ளைக்குச் செய்தது வேறை" என்றாள். நான் ஒரு கிழமை லீவு போட்டுப் படுத்திருந்தேன். இரக்கத்தால் அல்ல. நீ காட்டியிருந்தால் உன்னைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நீ காட்டாமல் விட்டதைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் வீட்டில் எனக்காக இரண்டு பேர் இல்லாமல் போவதா?

ஏழாம் தேதி வெரோனிக்காவின் காரில் உன் பிரௌ லின்டெமானிடம் போனோம். ஒரு தோல்பையில் மாற்று உடுப்பும் மருந்துக் குளிசையும் வைத்துக்கொண்டு போனேன். அங்கேயே பிடித்து வைத்துவிடுவார்கள் என்ற நினைப்பு. சிரிக்காதே.

எல்லாவற்றையும் சொன்னேன். முருகேசு அண்ணை, விதானையார், பூசை, எல்லாம். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில், என் பழைய அகதிக் கோப்பில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டுமென்றுதான் அந்தப் பத்திரத்தை அனுப்பினேன் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"எந்தக் கோப்பு?" என்றார். "உங்களுடைய கோப்பை நாங்கள் கேட்கவே இல்லை. கேட்டாலும் கிடைக்காது. வழக்கு முடிந்து பத்து வருடத்தில் அவற்றை அழித்துவிடுவார்கள். இந்த நாட்டில் உங்கள் தங்கை இறந்தவர் என்று சொல்லும் காகிதம் எனக்குத் தெரிய ஒன்றுதான் இருக்கிறது. அது நீங்கள் மார்ச்சில் எனக்கு அனுப்பியது."

வெரோனிக்கா என் கையைப் பிடித்தாள். நான் அழவில்லை. வெட்கம்தான் வந்தது, கழுத்துவரைக்கும் சுட்டது. இல்லாத கோப்புக்குப் பயந்து இருக்கிற பிள்ளையை இல்லை என்றிருக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்.

மார்ச்சில் நான் பொய் எழுதியதைக் குறித்து வைக்க வேண்டும், அதற்கு ஒரு விசாரணை வரலாம் என்றார். "எழுதுங்கோ" என்றேன். அன்றே உன் சார்பில் அவர் எழுதிய மறுப்புக் கடிதமும் என் வாக்குமூலத்தோடு போய்விட்டது. டி.என்.ஏ. சோதனைக்குக் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சி வைத்து எடுத்தார்கள். உன்னிடமும் எடுப்பார்கள். உன்னைப் பார்க்கலாமா என்று கேட்டேன். நீ விரும்பினால் மட்டும் என்றார். நான் வற்புறுத்தவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

நேற்றுத் தமிழ்ப் பூசை. பூசையில் வாசிக்கும் பெயர்களை எழுதும் டக்ளஸ் தம்பி வாசலில் மறித்தார். "அக்கா, இந்த முறை தங்கச்சியின்ரை பெயர் தரேல்லை. மறந்துபோனியளோ?"

"மறக்கேல்லை. அவ உயிரோடை இருக்கிறா."

"எப்ப தொடக்கம்?"

"எப்பவும்தான்."

சனம் கேட்டுக்கொண்டு நின்றது. கேட்கட்டும். வீட்டுக்கு வந்து உன் அம்மாவுக்கு எடுத்தேன், தடிமன் என்று சொல்லவில்லை. முப்பத்துநாலு பூசையையும் சொன்னேன். "அப்ப நான் உத்தரிக்கிற ஸ்தலத்திலை நிண்டு பாவம் கழுவத் தேவையில்லை அக்கா, நேரை மோட்சம்தான்" என்றாள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் அழுதோம்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் துணிவில்லை. வீட்டில் ஒரு அறை இருக்கிறது. அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

பெரியம்மா பிளோறன்ஸ்


18 ஜூன் 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பரிசோதனை முடிவு வந்தது. நீங்கள் என் பெரியம்மாதான் என்று எழுதியிருக்கிறார்களாம், பிரௌ லின்டெமான் வாசித்துக் காட்டினார். என் பிறந்த தேதியைத் திருப்பித் தந்துவிட்டார்கள். மறுபடியும் பதினாறு. முகாமுக்குப் போகவில்லை. அலுமாரிச் சாவி என்னிடமே இருக்கிறது.

படிவத்தைப் புதிதாக நிரப்பினோம். தாய் உயிருடன் இருக்கிறாரா என்ற கேள்விக்கு 'ஆம்' பெட்டியில் புள்ளடி போட்டேன். உறவினர் என்ற இடத்தில் உங்கள் பெயர்.

ஹம்முக்குப் போக விருப்பமா என்று கேட்டார்கள். இப்போது சொல்ல ஏலாது என்றேன். உங்களை வருத்த அல்ல. இந்த நாட்டில் எனக்கு முதலில் கதவைத் திறந்தவர்கள் இவர்கள், வகுப்பும் இங்கேதான். ஜூலையில் பள்ளி விடுமுறை விட்டதும் இரண்டு கிழமை வருகிறேன். அதற்குப் பிறகு பார்ப்போம். வெரோனிக்கா அக்கா ரயில் நிலையத்துக்கு வந்தால் போதும், முழந்தாள் வலியோடு நீங்கள் படி இறங்க வேண்டாம்.

ஒரு விடயம். உறவுக்குச் சாட்சியாக உங்கள் கடிதங்களையும் கோப்பில் சேர்க்க வேண்டும், எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பார்கள் என்று பிரௌ லின்டெமான் கேட்டார். மார்ச் 30ஆம் தேதிக் கடிதத்தையும் மே 12ஆம் தேதிக் கடிதத்தையும் கொடுத்தேன். "இவ்வளவும்தானா?" என்றார். ஓம் என்றேன்.

உன்னை எனக்குத் தெரியாது என்ற முதலாவதை நீங்கள் சொன்னபடி கிழித்துப் போட்டேன்.

பிறின்சி